திருப்பிச் சொல்லும் பெட்டி: வைஃபை எக்ஸ்டெண்டரின் நூறாண்டு முன்கதை

ரௌட்டர் அனுப்பும் ரேடியோ அலையைக் கேட்டு, அது எட்டாத அறைக்கு மறுபடி அனுப்பி வைப்பதுதான் ரேஞ்ச் எக்ஸ்டெண்டரின் வேலை. பிளக்கில் செருகிய முதல் நாள் மாடி அறையிலும் இணையம் வரும். ஒரு வாரத்தில் விட்டுவிட்டு அறுந்துபோகத் தொடங்கும். நியூ ஜெர்சியின் எடிசன், கலிபோர்னியா பே ஏரியாவின் ஃப்ரீமான்ட், டெக்சஸின் பிளேனோ என்று தமிழர் செறிந்து வாழும் ஊர்களில் இது பழகிப்போன புகார். கோளாறு புதிதல்ல. அதன் வேர் தொலைபேசிக் கம்பியில் இருக்கிறது. அதோடு மல்லுக்கட்டியவர்களில் பலர் வேலை பார்த்ததும் இதே மூன்று வட்டாரங்களில்தான்.

கம்பியில் போகும் குரல் தூரம் கூடக்கூடத் தேய்ந்துவிடும். அதை வழியில் பெருக்கிக் கொடுக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. 1912-இல் பாலோ ஆல்ட்டோவில் ஃபெடரல் டெலிகிராஃப் நிறுவனத்தில் இருந்த லீ டி ஃபாரஸ்ட், தன்னுடைய ஆடியான் குழாய் ஒலியைப் பெருக்கும் என்று கண்டார். அதே ஆண்டு தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி.யின் பொறியாளர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே ஹெரால்ட் ஆர்னால்ட் குழாயின் வெற்றிடத்தைச் செம்மைப்படுத்தினார். 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கிலிருந்து தொலைபேசியைக் கண்டறிந்த கிரகாம் பெல்லும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அவருடைய உதவியாளராக இருந்த வாட்சனும் பேசிக்கொண்டது, ரிப்பீட்டர் எனப்பட்ட இந்த வழிப் பெருக்கிகளின் தயவில்தான்.

பெருக்கி எது குரல், எது இரைச்சல் என்று பார்ப்பதில்லை. உள்ளே வந்ததையெல்லாம் பெருக்கும். தன் பங்குக்குச் சிறிது சிதைவையும் சேர்க்கும். வரிசையில் ரிப்பீட்டர்கள் கூடக்கூட அந்தச் சிதைவும் கூடியது. இதற்குத் தீர்வு கண்டவர் பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக். 1927 ஆகஸ்ட் 2 காலையில் நியூ ஜெர்சிக் கரையிலிருந்து மன்ஹாட்டனுக்குப் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது யோசனை பிறந்தது. எழுதத் தாள் இல்லை. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கம் ஒன்றின் மீதே படத்தையும் சமன்பாட்டையும் எழுதிக் கையெழுத்தும் போட்டார். வெளியே வரும் அலையில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே செலுத்தினால் சிதைவு தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் என்பதுதான் எதிர்மறைப் பின்னூட்டம் எனும் அந்த யோசனை.

கம்பியை விட்டு ரேடியோவுக்கு வந்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. ஒரே கோபுரம் ஒரே அலைவரிசையில் கேட்கவும் பேசவும் முயன்றால், தன் பேச்சே தன் காதில் விழும். 1951 ஆகஸ்டில் நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்த மைக்ரோவேவ் தடத்தில் 107 நிலையங்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் கேட்ட அலைவரிசையிலிருந்து 40 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வேறொன்றில் பேசின. வைஃபை ரிப்பீட்டர்கள் இந்தப் பாடத்தை மறந்துவிட்டுப் பிறந்தன என்றே சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வைஃபையின் மூதாதை 1970-களில் பே ஏரியாவில் ஓடிய பாக்கெட் ரேடியோ வலைப்பின்னல். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் மென்லோ பார்க்கின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனை அது. ரேடியோக்களைச் செய்து கொடுத்தது டெக்சஸ் ரிச்சர்ட்சனில் இருந்த காலின்ஸ் ரேடியோ பிரிவு. மலை உச்சிகளில் ரிப்பீட்டர்கள் நின்றன. 1976 ஆகஸ்ட் 27 அன்று போர்ட்டோலா வேலியில் ஜாட்ஸ் எனும் பீர்க்கடையின் வெளிமேசையில் ஒரு முனையத்தை வைத்து, பக்கத்தில் நின்ற வேன் வழியாக, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டுக்குச் செய்தி அனுப்பிக் காட்டினார்கள். இந்த வலையில் எல்லா ரேடியோக்களும் ஒரே அலைவரிசையில் முறை வைத்துப் பேசின. ஒன்று பாக்கெட் எனும் தரவுத் துண்டை முழுதாக வாங்கி வைத்துக்கொண்டு, காற்று ஓய்ந்ததும் அடுத்ததற்குத் தள்ளும். இன்றைய மலிவான எக்ஸ்டெண்டரும் இதே முறைதான். ஒரே பாக்கெட் இரண்டு முறை காற்றில் போவதால் வேகம் பாதியாகிறது. அது பழுதல்ல, அமைப்பின் இயல்பு.

1985-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் உரிமம் இல்லாத பயன்பாட்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட பட்டைகளைத் திறந்துவிட்டது. வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலை 1997-இல் வந்தது. 1999-இல் ஆப்பிளின் ஐபுக் கணினி, நியூ ஜெர்சி மர்ரே ஹில்லைத் தலைமையிடமாகக் கொண்ட லூசன்டின் வைஃபை அட்டையைப் பொருத்தும் வசதியோடு சந்தைக்கு வந்ததும் இந்தத் தொழில்நுட்பம் வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரு பெட்டி இன்னொரு பெட்டிக்கு அலையைக் கைமாற்றுவதற்கு நான்கு முகவரி கொண்ட தரவுச் சட்டகத்தைத் தரநிலை கொடுத்தது. எப்படிக் கைமாற்றுவது என்று முழுமையாக எழுதவில்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றோடு ஒத்துப்போகாமல் போயிற்று.

எந்த ரௌட்டரோடும் சேரும் என்று விற்ற எக்ஸ்டெண்டர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டன. ரௌட்டரிடம் தன்னை ஒரு சாதாரண லேப்டாப் போலக் காட்டிக்கொண்டு, பின்னால் இருக்கும் போன், டிவி எல்லாவற்றையும் தன் ஒரே முகவரியில் மறைத்துவிடும். பல வீடுகளில் எக்ஸ்டெண்டருக்குப் பின்னால் இருக்கும் பிரிண்டர் அவ்வப்போது காணாமல் போவதும், சிக்னல் முழுதாகக் காட்டியும் இணையம் வராததும் இந்த முகமூடியின் விளைவு. முகவரிக் கணக்கு எங்கோ பிசகியிருக்கும். ரௌட்டரை முதலில், எக்ஸ்டெண்டரைப் பிறகு அணைத்துப் போட்டால் சரியாவது அதனால்தான்.

அலை ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல். தாவல் கூடினால் என்ன ஆகும் என்பதை ஹூஸ்டனில் அளந்தே பார்த்தார்கள். ரைஸ் பல்கலைக்கழகமும் டெக்னாலஜி ஃபார் ஆல் எனும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து, வசதி குறைந்த பீக்கன் பார்க் குடியிருப்பில், பெட்டிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றும் வைஃபை மெஷ் ஒன்றை அமைத்தன. இணைய வாயிலிலிருந்து ஒரு தாவலில் இருப்பவர் நெட்டை நிறையப் பயன்படுத்தும்போது, இரண்டு தாவல் தள்ளி இருப்பவருக்கு ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காமல் போவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எக்ஸ்டெண்டருக்குப் பின்னால் இன்னொரு எக்ஸ்டெண்டர் வைக்கும் வீடுகளில் நடப்பதும் இதுவே.

காற்றில் ஏற்படும் இந்த நெரிசலுக்கு ஒரு விடிவு கொடுத்தவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சோனார் கருவி உருவாக்கிய அனுபவத்தோடு ஸ்டான்போர்டுக்குப் போனவர். பல ஆன்டெனாக்களால் ஒரே அலைவரிசையில் பல தரவு ஓடைகளை அனுப்பி, சுவர்களில் பட்டுச் சிதறும் அலைகளையே துணையாகக் கொண்டு மறுமுனையில் பிரித்தெடுக்கும் மைமோ முறைக்குத் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-இல் காப்புரிமை கோரினார். நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தின் ஜெரார்ட் ஃபோஸ்கினி 1996-இல் அதன் கொள்ளளவைக் கணக்கிட்டுக் காட்டினார். 2009-இல் வந்த 802.11என் தரநிலை மைமோவை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் பேசும் பெட்டிகளும் பரவின. ஒன்றில் கேட்டு மற்றதில் பேசும் 1951-இன் பாடம் அப்போதுதான் வீடு வந்து சேர்ந்தது.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஏற்கெனவே ஒரு குடியிருப்பாளர் இருந்தது, ராடார். 2003-இல் ஆணையம் 255 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்தபோது, ராடார் கேட்டால் ஒதுங்கிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ராடார் துடிப்பு காதில் பட்டால் ரௌட்டர் 10 நொடிக்குள் அந்தச் சேனலை விட வேண்டும். 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது. ராடார் நிபந்தனை உள்ள இன்னொரு சேனலுக்குப் போனால் 60 நொடி சும்மா கேட்டுவிட்டுத்தான் பேசலாம். ரௌட்டர் இடம் மாறிவிடுகிறது. அறிவிப்பைத் தவறவிட்ட எக்ஸ்டெண்டர் பழைய சேனலிலேயே காத்திருந்து, பிறகு எல்லாச் சேனல்களையும் துழாவிச் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. மலிவுப் பெட்டிகள் சிலவற்றுக்கு 52 முதல் 144 வரையுள்ள இந்தச் சேனல்களே தெரியாது. ரௌட்டர் அங்கே போய்விட்டால் அவற்றுக்கு அது கண்ணில் படவே படாது. நெவார்க், டாலஸ், ஹூஸ்டன் விமான நிலையங்களுக்கு 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் வானிலை ராடார்கள் உண்டு. பே ஏரியாவில் அந்த வகை இல்லை. ரௌட்டரில் சேனலைத் தானியங்கியில் விடாமல் 36 அல்லது 149 என்று நிறுத்தி வைத்தால் இந்த அறுபடல் நின்றுவிடும்.

வீட்டின் கட்டுமானத்துக்கும் பங்கு உண்டு. நியூ ஜெர்சியில் ரௌட்டர் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில், உலைக்கும் தகரக் காற்றுக்குழாய்களுக்கும் நடுவே இருக்கும். பே ஏரியாவின் பழைய ஸ்டக்கோ சுவர்களுக்குள் கம்பிவலை இருக்கிறது. வீட்டை நீட்டிக் கட்டும்போது பழைய வெளிச்சுவர் உட்சுவராகி, அந்த வலை இரண்டு அறைகளுக்கு நடுவே நின்றுவிடும். டெக்சஸின் புது வீடுகளில் இணையக் கம்பி வந்து சேர்வது மாஸ்டர் பெட்ரூம் குளோசட்டில் உள்ள உலோகப் பெட்டிக்கு. ரௌட்டரையும் அதற்குள் பூட்டி வைப்பவர்கள் உண்டு. எங்கானாலும் எக்ஸ்டெண்டரை இணையம் வராத அறையில் வைப்பதுதான் பொதுவான பிழை. ரௌட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவே, போனில் அலைவலிமை மைனஸ் 65 டிபிஎம் அளவில் காட்டும் இடத்தில் வைக்க வேண்டும். தேய்ந்த அலையைத் திருப்பிச் சொல்லிப் பயனில்லை.

சான் பிரான்சிஸ்கோவின் ஈரோ 2016-இல் கொண்டுவந்த வீட்டு மெஷ், பெட்டிகளை ஒரே குடும்பமாக்கி முகவரிக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது. காற்றின் நெரிசல் அதிலும் உண்டு. அதைத் தவிர்க்கக் கம்பி வழி ஒன்று இருக்கிறது: அமெரிக்க வீடுகளின் சுவர்களுக்குள் ஏற்கெனவே கேபிள் டிவியின் கோஆக்ஸ் கம்பி ஓடுகிறது. 2004-இல் உருவான மோக்கா கூட்டமைப்பின் தரநிலை, அந்தக் கம்பியிலேயே இணையத்தை அறைக்கு அறை கொண்டுபோகும். ஒவ்வொரு முனையிலும் ஓர் அடாப்டர், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் போதும். அடிக்கடி அறுந்துபோகும் எக்ஸ்டெண்டருக்கு இன்றுவரை உறுதியான மாற்று, அந்தக் கம்பியில் மாட்டிய, வைஃபை பரப்பும் இரண்டாவது பெட்டியான அக்சஸ் பாயின்ட்தான்.