ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி

காலேஜ் மூணாவது வருஷம். தாத்தாவோட பழைய வால்வு ரேடியோவைப் பரண்ல இருந்து இறக்கி, தூசி தட்டி, நேரா பிளக்ல சொருகினேன். கொஞ்ச நேரம் ‘ஹூம்’னு சத்தம், அப்புறம் ‘டப்’. ரூம் முழுக்கப் புகை. தாத்தா ஒண்ணுமே சொல்லல. அதுதான் இன்னும் உறுத்துது.

இதே நிலைமையில, ஆனா இன்னும் பெரிய பொருளோட மாட்டிக்கிட்ட சிலரோட கதைதான் இன்னிக்கு. அமெரிக்காவுல மவுண்டன் வியூ ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில், 2000களின் முதல் பாதியில், ஒரு தன்னார்வலர் குழு பிடிபி-1 கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்க இறங்கியது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1959-ல் அறிமுகப்படுத்திய முதல் கம்ப்யூட்டர் அது. விலை சுமார் 1,20,000 டாலர். பின்னாடி வந்த மினிகம்ப்யூட்டர்களுக்கெல்லாம் மூதாதை. செய்ததே ஐம்பத்துச் சொச்சம்தான். ஒண்ணு கருகினா, கடைக்குப் போய் இன்னொண்ணு வாங்க முடியாது.

முதல் வில்லன் பவர் சப்ளையில இருக்கிற கெப்பாசிட்டர். உள்ள அலுமினியத் தகடு மேல ரொம்ப மெல்லிய ஆக்சைடு தோல் ஒண்ணு இருக்கும். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துறது அதுதான். பல வருஷம் சும்மா கிடந்தா அந்தத் தோல் நலிஞ்சிடும். திடீர்னு முழு வோல்டேஜ் கொடுத்தா கரண்ட் கசிஞ்சு, சூடேறி, வெடிக்கும். என் ரேடியோவுல நடந்தது இதுதான்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

அதனால இந்த மாதிரி மெஷின்ல முதல்ல பவர் சப்ளையைத் தனியா கழட்டுவாங்க. ஒரு ரெசிஸ்டர் வழியா வோல்டேஜைக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி, கசியற கரண்டை மீட்டர்ல பார்த்துக்கிட்டே மணிக்கணக்கா காத்திருப்பாங்க. தோல் மறுபடி வளரும்! புது கெப்பாசிட்டர் போட்டா வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனா அப்புறம் அது 1960களோட மெஷினா, நம்ம மெஷினா? முடிஞ்சவரைக்கும் பழசையே காப்பாத்தணும்னுதான் நான் சொல்வேன்.

அடுத்து, சப்ளைக்கு டம்மி லோடு கொடுத்து +10, −15 வோல்ட் சரியா வருதான்னு பார்க்கணும். அதுக்கப்புறம்தான் சர்க்யூட் போர்டுகள் பக்கமே போகலாம். சுமார் 2,700 டிரான்சிஸ்டர் அங்க காத்துக்கிட்டிருக்கு.

இன்னொண்ணு, இதோட மெமரி குட்டிக் குட்டி காந்த வளையங்களால் ஆனது. 4,096 சொற்கள், ஒவ்வொண்ணும் 18 பிட். கரண்ட் போனாலும் எழுதினது அழியாது. அவசரப்பட்டு ஆன் பண்ணா, யாரோ எப்பவோ விட்டுட்டுப் போன புரோகிராமை நாமே கலைச்சிடலாம்.

அந்தக் குழு ஜெயிச்சது. 1962-ல் எம்.ஐ.டி.யில் பிடிபி-1க்காக எழுதின ‘ஸ்பேஸ்வார்!’ விளையாட்டு, மியூசியத்து வட்டத் திரையில மறுபடி ஓடுச்சு. அதை எழுதினவங்கள்ல முக்கியமானவரான ஸ்டீவ் ரஸ்ஸலே பார்வையாளர்களுக்கு அதை விளையாடிக் காட்டியிருக்கார்.

என் ரேடியோ மறுபடி பரணுக்கே போயிடுச்சு. போன வாரம் இறக்கினேன். இன்னும் பிளக்ல சொருகல.