ஹீலியோஸின் மூன்று பிறவிகள்

படச்சுருளின் காலத்தோடு அதற்கான லென்ஸ்களின் ஆயுளும் முடிந்ததென்றே நம்மில் பலரும் எண்ணினோம். ஹீலியோஸ்-44 லென்ஸின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

ஜெர்மனியின் ஜெனா நகரில் கார்ல் ஜெய்ஸ் நிறுவனம் உருவாக்கிய பயோட்டார் லென்ஸே இதன் மூலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வடிவமைப்பு சோவியத் நாட்டை அடைந்தது. மாஸ்கோ அருகேயுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலை 1958ல் ஹீலியோஸை வெளியிட்டது. ஜெனிட் கேமராக்களோடு அது லட்சக்கணக்கில் பரவியது.

1991ல் அந்நாடு கலைந்தது, லென்ஸ் எஞ்சியது. ஆயினும் நிக்கான் எஸ்.எல்.ஆர். கேமராவில் அதைப் பொருத்தினால் தொலைவிலுள்ளவை தெளியவில்லை. லென்ஸின் அமர்விடத்துக்கும் படத்தளத்துக்கும் இடையே ஹீலியோஸ் வேண்டுவது 45.46 மி.மீ.; நிக்கானில் இருப்பதோ 46.5. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே தடை. 2008ல் வந்த பானாசோனிக் ஜி1 கேமராவுக்குள் ஆடியே இல்லை. இடைவெளி சுமார் 20 மி.மீ. ஆகக் குறுகியது. மிச்சத்தை ஓர் உலோக வளையம் நிரப்பியது. 2013ல் சோனி ஏ7, 35 மி.மீ. படச்சுருளின் முழுப் பரப்பையும் மீட்டது. ஓரங்களில் சுழலும் பின்புலமும் திரும்பிற்று.

அச்சுழல் உண்மையில் லென்ஸின் குறை. பிழையற்ற படங்கள் மலிந்த காலத்தில் நாம் அக்குறையையே நாடி, விரலால் வளையத்தைத் திருப்பிக் குவியம் காண்கிறோம். பழையதைக் கழித்துக்கட்டுமுன் சற்றுப் பொறுக்கலாம் என்பதே இதில் நாம் கற்றது.