கல்வராயன் மலைக் கிராமப் பயணம்

கள்ளக்குறிச்சியில் வேன் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போய், கரியாலூரையும் வெள்ளிமலையையும் பார்த்துத் திரும்பும் குழுப் பயணம் இது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையின் வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் சொல்வார்கள். மலையின் ஒரு பங்கு சேலம் மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தின் பயண வரலாறு மலையடிவாரத்தைத் தாண்டித் தென்பெண்ணைக் கரையில் தொடங்குகிறது. முதலாழ்வார்கள் மூவரும் தனித்தனியே வந்து, மழைக்கு ஒதுங்கிய ஓர் இடைகழியில் ஒருவரையொருவர் கண்டது அக்கரையிலுள்ள திருக்கோவிலூரில்தான் என்பது வைணவ மரபு. பாரியின் மகளிருக்கு வாழ்வு தேடித் தந்தபின் சங்கப் புலவர் கபிலர் உயிர்நீத்த இடமாக அவ்வூரில் கபிலர் குன்று காட்டப்படுகிறது. அதைச் சொல்லும் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. அருகில் உள்ள ஜம்பையில் 1981இல் தெரியவந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இன்னும் பெரிய செய்தி. அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் அதில் இருக்கிறது. அசோகர் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு, அதியமான் மரபினரே என்று அது விடை தந்தது. சங்கப் பாடலில் மட்டும் கேட்ட ஒரு பெயரைப் பாறையில் நேரில் பார்க்க முடிகிற இடங்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. அப்படியிருந்தும் ஜம்பையைத் தங்கள் பட்டியலில் சேர்க்கும் குழுக்கள் அரிது.

இதே வட்டாரத்தில் உள்ள தியாகதுர்கம் மலைக்கோட்டை கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடுவே அல்லாடியது. 1760இல் அதை ஐதர் அலிக்குக் கொடுக்க பிரெஞ்சுத் தளபதி லாலி ஒப்பந்தம் செய்தார். மறு ஆண்டே அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கல்வராயன் மலையின் கதை வேறு. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் என்னும் தெய்வத்தோடு வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் மலை நெடுங்காலம் இருந்தது. வரியும் கூலியில்லா உழைப்பும் அவர்களுக்குப் போயின. இந்தியா விடுதலை பெற்ற பிறகும் அந்த ஆட்சி நீடித்து, 1976இல்தான் அரசு ஜாகிர்களை எடுத்துக்கொண்டது. மலையில் எந்த அருவியைப் பார்ப்பதற்கும் முன்பு பயணி அறிந்துகொள்ள வேண்டிய ஆண்டு இது.

சுற்றுலா அதன் பிறகு மெல்ல வளர்ந்தது. 1960களில் கட்டிய கோமுகி அணை அடிவாரத்தில் முதல் நிறுத்தம். மேலே பெரியார் அருவி, மேகம் அருவி, கரியாலூர்ப் படகுத் துறை, வெள்ளிமலையில் நடந்த கோடை விழாக்கள் எனக் கூட்டம் சேர்ந்தது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பிறகு கல்வராயன் மலை தனி வட்டமாயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், மலை மக்களுக்குச் சாலை முதலிய அடிப்படை வசதிகள் கிடைக்காததைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது.

சுற்றுலாவின் பயன் யாருக்குப் போகிறது என்று பார்க்கும்போது, ஜப்பானின் கிசோப் பள்ளத்தாக்கில் உள்ள சுமாகோ என்ற பழைய வழிச்சத்திர ஊர் இங்கே நினைவுகூரத் தக்கது. வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று அவ்வூரார் 1971இல் உறுதி எடுத்தார்கள். முடிவு ஊராருடையதாக இருந்ததால் சுற்றுலாவின் வருமானமும் ஊருக்குள் தங்கியது. கல்வராயனில் இன்னும் அந்த நிலை வரவில்லை. வேன்கள் அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு அன்றே இறங்கிவிடுகின்றன. சாமையும் தினையும் விளையும் ஊர்களில் நிற்பதில்லை.

குழுவாகச் செல்வோர் ஜம்பைக்கும் திருக்கோவிலூருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். மலையில் ஊர்ப் பெரியவரிடம் கேட்டு, உள்ளூர் ஆளையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். சாமை, தேன், கடுக்காய் ஆகியவற்றை விளைவித்தவரிடமும் சேகரித்தவரிடமும் நேரில் வாங்குங்கள்.