தனித் துறையா, எல்லோருக்குமான பாடமா?

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் இரு பக்கமும் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள். இன வேற்றுமையை மாணவர்களுக்குக் கற்பிக்க இரண்டும் வெவ்வேறு வழிகளுக்குப் பெயர்பெற்றவை. மேற்கே சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட்டுக்குத் தனித் துறை. கிழக்கே பெர்க்கிலிக்கு எல்லோருக்கும் கட்டாயமான பாடம்.

முதலாவது போராடிப் பெற்றது. 1968 நவம்பர் 6 அன்று கறுப்பின மாணவர் சங்கம் வகுப்புகளைப் புறக்கணித்தது. மற்ற சிறுபான்மை மாணவர் அமைப்புகளின் கூட்டணியான மூன்றாம் உலக விடுதலை முன்னணி கைகோத்தது; பின்னர் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கல்வி நிறுவனத்தின் தற்காலிகத் தலைவர் ஹயகாவா, மாணவர்களின் வண்டிமேல் தானே ஏறி ஒலிபெருக்கி வயர்களைப் பிடுங்கினார். போலீஸ் நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தது. நாலரை மாதப் போராட்டத்தின் பயனாக, 1969 இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் முதல் எத்னிக் ஸ்டடீஸ் (இனக்குழு ஆய்வு) கல்விப் பிரிவு திறக்கப்பட்டது. கறுப்பின ஆய்வுத் திட்டத்தை வடிவமைத்த நேதன் ஹேருக்கு அங்கே இடமில்லாமல் போனது பெரும் அநீதி. போராடிய மாணவர்கள் ஒரு பாடத்தை மட்டும் கேட்கவில்லை. யார் கற்பிப்பது, யாரைச் சேர்ப்பது, பாடத்திட்டத்தை யார் முடிவு செய்வது என்ற உரிமையையே கேட்டார்கள்.

பெர்க்கிலியிலும் 1969இல் இதே போராட்டம் நடந்தது, துறையும் பிறந்தது. ஆனால் தனித் துறைக்கு விரும்பி வருகிறவர்கள்தானே வருவார்கள்? 1989இல் ஆசிரியர் பேரவை குறுகிய வித்தியாசத்தில் வேறொரு முடிவெடுத்தது. 1991 முதல் இளநிலை மாணவர் அனைவரும் 'அமெரிக்கன் கல்ச்சர்ஸ்' பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும். கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், ஆசியர், லத்தீனோக்கள், ஐரோப்பிய வழியினர் ஆகியோரில் மூன்று குழுக்களையாவது அப்பாடம் ஒப்பிட வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, சீனத் தொழிலாளர்களின் குடியேற்றத்தைத் தடுத்த 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டத்தில் பார்க்கலாம். தனித் துறையில் அதைப் பற்றிய பாடம் அதே வளைகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவின் குடியேற்ற நிலையம் வரை நீளும். அங்கே அடைக்கப்பட்ட சீனர்கள் சுவர்களில் செதுக்கிய கவிதைகளைக்கூட நிதானமாகப் படிக்கலாம். ஒப்பீட்டு வகுப்பிலோ, சீனரை வெளியேற்று என்று முழங்கிய டெனிஸ் கியர்னியே அயர்லாந்திலிருந்து குடியேறியவர் என்பது கண்ணில் படும். இழிவாக நடத்தப்பட்ட ஐரிஷ் மக்களிலிருந்தே ஒருவர் அடுத்தவரைத் துரத்தக் கிளம்பியது எப்படி? இந்தக் கேள்வி வெள்ளை இன மாணவரையும் வரலாற்றுக்குள் இழுத்து வருகிறது. பெர்க்கிலி முறையின் மிகப் பெரிய பலம் இதுதான். ஒரே பருவத்தில் மூன்று இனங்களின் கதையைச் சொல்லி முடிக்க வேண்டியிருப்பது அதன் பலவீனம்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் தனித் துறையையே கேட்பேன். ஆழ்ந்து ஆராயும் ஆசிரியர்கள் அங்கேதான் உருவாகிறார்கள். அவர்கள் இல்லாமல் கட்டாயப் பாடம் மேம்போக்காகிவிடும்.

இரண்டையும் இணைக்கும் வழியும் பிறந்தது: 2020இல் இயற்றப்பட்ட கலிபோர்னியச் சட்டம், சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் உட்பட மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் எல்லா வளாகங்களிலும் எத்னிக் ஸ்டடீஸ் பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கியது. துறையின் ஆழம் இப்போது அந்த வளாகங்களின் எல்லா மாணவரையும் தொடும். ஆனால் சட்டம் குறிப்பிடும் நான்கு குழுக்களில் ஐரோப்பிய வழியினர் இல்லை. அவர்களையும் சேர்த்து ஒப்பிடும் பெர்க்கிலியின் வழியை இந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளாதது குறையே.