பொருளாளரின் கையெழுத்து: கட்சிப் பிளவும் தேர்தல் நன்கொடைக் கணக்கும், விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

1972 அக்டோபரில் திருக்கழுக்குன்றத்தில் நடந்த கூட்டத்தில், தி.மு.க.வின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர்., அமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சிப் பொறுப்பாளர்களும் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று பேசினார். சில நாட்களில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17 அன்று அண்ணா தி.மு.க. தொடங்கப்பட்டது. 1977 தேர்தலில் அவர் நின்று வென்ற தொகுதி அருப்புக்கோட்டை. கணக்குக் கேட்டதால் வெளியேற்றப்பட்டவர் என்ற பெயரை, இன்றைய விருதுநகர் மாவட்டத்து வாக்காளர்கள் தங்கள் வாக்கால் உறுதிசெய்து அவரை முதலமைச்சர் பதவிக்கு அனுப்பினார்கள்.

பிளவுக்குக் காரணம் கணக்கு மட்டுமே என்று நான் சொல்லவில்லை. ரசிகர் மன்றங்களின் வளர்ச்சி, கருணாநிதியின் மகன் மு.க. முத்துவின் திரைப் பிரவேசம், 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, டெல்லியோடு மாறிவந்த உறவு என எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. இக்கட்டுரை கவனிப்பது வேறொன்றை. கட்சிப் பணத்துக்குப் பொறுப்பான பொருளாளரே பொதுமேடையில் கணக்குக் கேட்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. கணக்கு அவர் கையில் அல்லவா இருக்க வேண்டும்? கேள்வி நியாயமானது. ஆனால் அது எம்.ஜி.ஆரைவிடப் பொருளாளர் பதவியைத்தான் அதிகம் அம்பலப்படுத்துகிறது. பொருளாளராக இருந்துகொண்டே ஒருவர் மேடையேறிக் கேட்க நேர்ந்தால், அந்தப் பதவியில் பெயர் இருக்கிறது, அதிகாரம் இல்லை என்று பொருள். 1969இல் அண்ணா மறைந்தபின் கருணாநிதி தலைவர், நெடுஞ்செழியன் பொதுச்செயலாளர், எம்.ஜி.ஆர். பொருளாளர் என்று அமைந்த ஏற்பாடு அதிகாரப் பங்கீடாகவே இருந்தது. தணிக்கைப் பொறுப்பு யாரிடம் என்பது அதில் தீர்மானிக்கப்படவே இல்லை.

பிறகு நடந்தது இன்னும் முக்கியமானது. புதிய கட்சி தன் புகார்ப் பட்டியலைக் குடியரசுத் தலைவரிடம் கொண்டுபோனது. 1976இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் சர்க்காரியா ஆணையம் அமைந்தது. ஆணையம் விசாரித்தது வீராணம் போன்ற அரசு ஒப்பந்தங்களை. கட்சியின் கணக்கை உறுப்பினர்களுக்கு யார் காட்டுவது என்ற முதல் கேள்வி, ஆட்சியின் ஊழல் என்ற பெரிய கேள்விக்குள் கரைந்து காணாமற்போனது. கேட்டவரின் கட்சி ஆட்சிக்கு வந்தபின்னும் அது திரும்பி எழவில்லை. தமிழ்நாட்டுக் கட்சிகளில் கணக்கைப் பற்றிய குரல் தலைமைப் போட்டியின்போதுதான் எழுகிறது. தலைமை நிலைபெற்றதும் அடங்கிவிடுகிறது. இதற்குக் காரணம் தனிமனிதர்களின் நேர்மைக் குறைவு மட்டுமல்ல. பொருளாளர், தான் கணக்குக் கேட்க வேண்டிய தலைமையின் தயவிலேயே பதவியில் இருக்கிறார் என்பதே அடிப்படைக் கோளாறு.

அ.தி.மு.க.வின் அண்மை வரலாறு இதற்குச் சான்று. 2017 பிப்ரவரி 7 இரவு ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்த சில மணி நேரத்தில் அவரிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது பொருளாளர் பதவி. திண்டுக்கல் சீனிவாசன் அந்த இடத்துக்கு வந்தார். பன்னீர்செல்வம் வங்கிகளுக்குக் கடிதம் எழுதினார். 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டபோதும் அதே காட்சி: மீண்டும் சீனிவாசன், மீண்டும் வங்கிக்குக் கடிதம். இரண்டு முறையும் சண்டை கணக்கை இயக்கும் கையெழுத்து யாருடையது என்பது பற்றியே நடந்தது. அந்தக் கணக்கில் யார் கொடுத்த பணம் இருக்கிறது என்று இரு தரப்பும் கேட்கவில்லை.

2025இல் பா.ம.க.வில் தந்தை ராமதாசுக்கும் மகன் அன்புமணிக்கும் இடையே எழுந்த பூசலில் இந்த வட்டாரத்துக்கே நேரடித் தொடர்பு இருந்தது. கட்சியின் பொருளாளராக இருந்தவர் சிவகாசியைச் சேர்ந்த கவிஞர் திலகபாமா. ஏப்ரலில் மருத்துவர் ராமதாஸ் தலைவர் பொறுப்பைத் தாமே ஏற்பதாக அறிவித்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். மே மாத இறுதியில் ராமதாஸ் அவரை நீக்கி வேறொருவரை நியமித்தார். திலகபாமாவே பொருளாளராகத் தொடர்வார் என்றார் அன்புமணி. ஒரே கட்சிக்கு ஒரே நாளில் இரண்டு பொருளாளர்கள். இவர்களில் யார் ஒப்பமிடும் நன்கொடை அறிக்கை செல்லும்?

சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவு, 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் பட்டியலை ஒவ்வொரு நிதியாண்டும் கட்சியின் பொருளாளரோ கட்சி அதிகாரம் அளித்த வேறொருவரோ தயாரித்துத் தேர்தல் ஆணையத்துக்கு அளிக்க வேண்டும் என்கிறது. அளிக்காவிட்டால் வருமான வரி விலக்கு போய்விடும். பொருளாளரை யார் தேர்ந்தெடுப்பது, எந்தக் காரணத்துக்காக நீக்கலாம் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15ஆம் பத்தி, கட்சி பிளந்தால் சின்னம் யாருக்கு என்று ஆணையம் முடிவெடுக்க வழி செய்கிறது. அந்த முடிவு பெரும்பான்மையைப் பார்க்கிறது, கணக்கைப் பார்ப்பதில்லை.

15ஆம் பத்தியை உரசிப் பார்த்த முதல் பெரிய வழக்கிலும் விருதுநகரின் பெயர் வருகிறது. 1967இல் காமராஜர் சொந்த ஊரில் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். 1969 நவம்பரில் காங்கிரஸ் பிளந்தபோது அவர் நிஜலிங்கப்பாவின் பக்கம் நின்றார். இரட்டைக் காளைச் சின்னம் யாருக்கு என்ற சாதிக் அலி வழக்கு 1971இல் உச்ச நீதிமன்றத்தில் இந்திரா காந்தி தரப்புக்குச் சாதகமாக முடிந்தது. அந்தப் பிளவு நடந்த 1969ஆம் ஆண்டில்தான் நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை தரக் கூடாது என்று கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது. சுதந்திராக் கட்சிக்குப் போகும் பணத்தை அடைக்கவே இந்தத் தடை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றே: பணம் நிற்கவில்லை, பதிவேட்டிலிருந்து மட்டும் மறைந்தது. 1985 வரை, அதாவது 16 ஆண்டுகள், நிறுவனம் கொடுத்தது என்று எழுதவே இடமில்லாத நிலை. கட்சிகளில் அதிகாரம் தலைமையிடம் குவிந்ததும் இதே ஆண்டுகளில்தான். இது வெறும் உடன்நிகழ்வு என்று என்னால் எண்ண முடியவில்லை. பதிவில்லாத பணத்தைத் தலைவருக்கு நெருக்கமான சிலர்தான் கையாள முடியும்; அப்படிக் கையாளும்போது பொருளாளரின் பதிவேடு அலங்காரமாகிவிடுகிறது.

இந்த வட்டாரம் பொதுப்பணத்தைக் கணக்கோடு கையாளத் தெரியாத வட்டாரம் அல்ல. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தூர் போன்ற ஊர்களின் நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக, உறவின்முறை எனப்படும் தங்கள் சமூக அமைப்பிடம் செலுத்தினார்கள். கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் அதில் எழுந்தன. 1889இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமையாலும், வீடுதோறும் உலையில் அரிசி இடும்போது எடுத்துவைத்த பிடி அரிசியாலும் வளர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. சில்லறைக் கடைக்காரரும் பெரிய மண்டிக்காரரும் கொடுத்தார்கள். கொடுத்தவருக்கு உறவின்முறைக் கூட்டத்தில் உட்கார்ந்து வரவு செலவைக் கேட்கும் உரிமை இருந்தது. இதை இலட்சிய மாதிரியாக நான் முன்வைக்கவில்லை. அது ஒரு சாதிக்குள் அடங்கிய ஏற்பாடு, பெண்களுக்கு அதன் சபையில் இடமில்லை, ஊரின் மற்றவர்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. ஆயினும் கொடுத்தவரே கணக்குக் கேட்பவர் என்ற ஒரு விதி அதில் உயிரோடு இருந்தது. கட்சிக்குப் பணம் கொடுப்பவருக்கு இன்று அந்த உரிமை இல்லை. கட்சியில் உறுப்பினராக இருப்பவருக்கும் இல்லை.

இதே வட்டாரத்தின் அச்சகங்களில் அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் எவ்வளவு கறாராக இருக்கிறது என்று பார்க்கலாம். சிவகாசியில் ஓர் அச்சகம் தேர்தல் சுவரொட்டி அடித்தால், 127ஏ பிரிவின்படி அடியில் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழி இரண்டு படிகளில் அச்சகத்துக்கு வர வேண்டும். அதில் ஒன்று, அச்சிட்ட சுவரொட்டியோடு அதிகாரிகளுக்குப் போக வேண்டும். எத்தனை பிரதி, என்ன கூலி என்பதையும் ஆணையம் கேட்கிறது. தவறினால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு சுவரொட்டிக்கு இவ்வளவு. அந்தச் சுவரொட்டிக்குப் பணம் கொடுத்தவர் 20,000 ரூபாய்க்குள் கொடுத்தாரானால் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. அப்படி எத்தனை முறை, எத்தனை ரசீதுகளில் பிரித்துக் கொடுத்தாலும் கண்டுபிடிப்பது கடினம். அடிக்கட்டைகள் கட்சி அலுவலகத்தோடு நின்றுவிடும்.

பட்டாசுத் தொழிலில் இந்த இருட்டுக்குக் கனம் கூடுகிறது. ஆலை நடத்த வேண்டுமானால் நாக்பூர் உரிமம், சென்னை உரிமம் அல்லது மாவட்ட வருவாய் அலுவலர் உரிமம் வேண்டும். முதல் இரண்டும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்துடையவை, மூன்றாவது மாநில அரசுடையது. தொழிற்சாலை ஆய்வும் மாநிலத்திடம். 2018 முதல் பேரியம் பற்றிய உச்ச நீதிமன்றத் தடையும் சேர்ந்துகொண்டது. இப்படி இரண்டு அரசுகளின் கையெழுத்தை எதிர்பார்த்திருக்கும் தொழில், எந்தக் கட்சிக்கும் இல்லையென்று சொல்ல முடியாது. யாருக்குக் கொடுத்தோம் என்று மற்றவருக்குத் தெரிந்தால் ஆபத்து என்று அஞ்சுவதும் இயற்கை. கொடுப்பவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு மத்திய அரசு சொன்ன நியாயமும் இந்த அச்சம்தான். 2024 பிப்ரவரி 15 தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. பெருந்தொகைக்குப் பின்னால் கைம்மாறு இருக்கக்கூடும் என்பதால் வாக்காளருக்குத் தெரிந்தாக வேண்டும் என்றது.

அச்சம் உடையவர் இன்னொருவரும் உண்டு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அந்த ஆலைகளுக்கும் எந்தக் கட்சிக்கும் இடையே பணம் கைமாறியது என்று நான் குற்றம் சாட்டவில்லை. மருந்து அறையில் உட்கார்ந்து திரி செருகும் பெண்ணுக்கு, ஆய்வாளரை அனுப்பும் அரசின் கட்சிக்கு முதலாளி கொடுத்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கொடுப்பவரின் அச்சத்தைப் பற்றி நீதிமன்றங்களில் பக்கம் பக்கமாக வாதாடினார்கள். இவளுடைய அச்சத்துக்காக யாரும் வழக்கறிஞர் வைக்கவில்லை.

தீர்ப்பு எட்டாத இடமும் இங்குதான். கம்பெனிச் சட்டத்தின் 182ஆம் பிரிவில் 2017இல் நீக்கப்பட்ட வெளிப்படுத்தும் கடமையைத் தீர்ப்பு மீட்டுக் கொடுத்தது. அது பதிவுசெய்த நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆலைகளில் பல, கூட்டு வணிகமாகவும் தனியுரிமையாகவும் நடப்பவை. அவை எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தன என்று பொதுவில் சொல்லும் கடமை அவற்றுக்கு இல்லை.

வெளிப்படுத்தினால் கட்சி அழிந்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது என்பதை 2024 மார்ச் காட்டியது. தேர்தல் பத்திரம் மூலம் 656.5 கோடி ரூபாய் பெற்ற தி.மு.க., கொடுத்தவர் பெயர்களை ஆணையத்திடம் தந்திருந்தது. அதில் 509 கோடி லாட்டரித் தொழிலில் உள்ள ஒரே நிறுவனத்துடையது. அ.தி.மு.க.வும் தனக்கு வந்த சுமார் 6 கோடிக்குப் பெயர் சொன்னது. தேசியக் கட்சிகள் பல இதைச் செய்யவில்லை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஆனால் இந்தப் பெயர்கள் வெளிவந்தது நீதிமன்ற உத்தரவால். எந்தப் பொதுக்குழுவிலும் ஒரு மாவட்டப் பிரதிநிதி எழுந்து கேட்டு வந்தவை அல்ல. 2013இல் மத்திய தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த உத்தரவு இன்றும் நடைமுறைக்கு வரவில்லை.

பொருளாளருக்குத் தனி அதிகாரம் தந்தால் தலைமை பலவீனப்படும் என்பார்கள். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கட்சியும் பொருளாளரைத் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். கணக்குக்குச் சட்டப் பொறுப்பாளி அவரே. அப்படியிருந்தும் 2021 மே மாதத்தில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் பொருளாளர் டக்ளஸ் சாப்மன், கடமையைச் செய்யத் தேவையான நிதித் தகவல் தமக்குத் தரப்படவில்லை என்று கூறி விலகினார். சுதந்திர வாக்கெடுப்புக்கென்று திரட்டிய 6 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட நன்கொடை பற்றிக் காவல்துறை விசாரணை பின்னர் அந்தக் கட்சியையே உலுக்கியது. பொருளாளர் கேட்டபோதே பதில் சொல்லியிருந்தால் தலைமைக்கு அந்த நிலை வந்திருக்காது. பதிவு மட்டும் போதாது, தகவலைப் பெறும் உரிமையும் வேண்டும் என்பது அங்கிருந்து கிடைக்கும் பாடம்.

ஆகவே 29சி பிரிவில் பொருளாளர் என்ற பதவிக்கு உள்ளடக்கம் தர வேண்டும். மாவட்டப் பிரதிநிதிகளின் இரகசிய வாக்கெடுப்பில் அவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். குறித்த பதவிக்காலம் முடியும்வரை தலைவரோ பொதுச்செயலாளரோ அவரை நீக்க முடியாது என்ற விதி வேண்டும். 20,000க்குள் வரும் தொகைகளைப் பெயரின்றியேனும் மாவட்டவாரியாக, தொழில்வாரியாகத் தொகுத்து வெளியிட்டால் சிறு கடைக்காரரின் அச்சமும் காக்கப்படும், விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலிலிருந்து எந்தக் கட்சிக்கு எவ்வளவு போனது என்பதும் தெரியும். கூட்டு வணிகங்களுக்கு 182ஆம் பிரிவுக்கு நிகரான கடமை வர வேண்டும். கட்சி பிளந்து இருவர் பொருளாளர் என்று உரிமை கோரினால், சின்னத்தின்மீது முடிவு வரும்வரை வரவு செலவை ஆணையம் நியமிக்கும் தணிக்கையாளர் கவனிக்கட்டும். அவர் தயாரிக்கும் முதல் அறிக்கை இரு தரப்பு உறுப்பினர்களுக்கும் ஒரே நாளில் கிடைக்கட்டும்.