மடக்கையின் அடிமான மாற்றம்

கணிதத்தில், அடிமான மாற்றம் என்பது ஓர் அடிமானத்தில் அமைந்த மடக்கையை வேறோர் அடிமானத்தின் மடக்கைகளைக் கொண்டு கணிக்கும் முறையாகும். அடிமானத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் கிடைக்குமோ, அவ்வடுக்கே அவ்வெண்ணின் மடக்கை எனப்படும். எடுத்துக்காட்டாக, 2³ = 8 ஆதலால் மட₂ 8 = 3 ஆகும். இம்முறையினால் எல்லா அடிமானங்களுக்கும் ஒரே மடக்கை அட்டவணை போதுமானதாகிறது.

விதியும் நிறுவலும்

அ, க, ப ஆகியன நேர் எண்கள். அ, ப ஆகியன 1 அல்ல எனக் கொள்க. அ-வை அடிமானமாகக் கொண்ட க-வின் மடக்கை ய எனில்,

அ^ய = க

இருபுறமும் ப-வை அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுக்க,

ய × மட அ = மட க
ய = மட க ÷ மட அ

ப எதுவாயினும் இவ்விகிதம் மாறுவதில்லை.

கையால் கணித்தல்

ச மிகச் சிறிய எண்ணாயின், மட₁₀ (1 + ச) என்பதன் தோராய மதிப்பு 0.43429 × (ச − ச²/2) ஆகும். 0.43429 என்பது 10-இன் இயல் மடக்கையான 2.302585-இன் தலைகீழி. அதாவது, இச்சூத்திரத்திலேயே அடிமான மாற்றம் அடங்கியுள்ளது.

* 2¹⁰ = 1024 = 1000 × 1.024. எனவே 10 × மட₁₀ 2 = 3 + 0.01030; மட₁₀ 2 = 0.30103.
* 3⁴ = 81 = 80 × 1.0125. எனவே 4 × மட₁₀ 3 = 1.90309 + 0.00539; மட₁₀ 3 = 0.47712.
* 7⁴ = 2401. இது 2400-ஐ விடச் சற்றே பெரியது. எனவே 4 × மட₁₀ 7 = 3.38021 + 0.00018; மட₁₀ 7 = 0.84510.

இறுதியில் 10 அல்லது 4 ஆல் வகுக்கும்போது தோராயத்தின் பிழையும் அதே அளவில் குறைகிறது.

எடுத்துக்காட்டு

மட₂ 7 = 0.84510 ÷ 0.30103 ≈ 2.8074

7 என்பது 2³-ஐ விடச் சற்றுக் குறைவு. ஆகவே விடை 3-க்குச் சற்றுக் குறைவாக இருத்தல் பொருத்தமே. மட 7 ÷ மட 2 என்பதை மட (7 ÷ 2) எனக் கொள்வது மாணவரிடையே காணப்படும் பிழையாகும். பின்னதன் மதிப்பு 10 அடிமானத்தில் 0.54407 மட்டுமே.

வரலாறு

இசுக்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கைகளை வெளியிட்டார். 1615-இல் அவரைச் சந்தித்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹென்றி பிரிக்ஸ், 10-ஐ அடிமானமாகக் கொண்ட அட்டவணையை உருவாக்க முனைந்தார். இதற்காக அவர் 10-இன் வர்க்கமூலத்தைத் தொடர்ந்து 54 முறை கையாலேயே கண்டார். 1624-இல் வெளியான அவரது நூலில் 1 முதல் 20,000 வரையிலும், 90,001 முதல் 1,00,000 வரையிலுமான எண்களின் மடக்கைகள் 14 பதின்ம இடங்களுக்குத் தரப்பட்டிருந்தன. விடுபட்ட எண்களை டச்சு நாட்டவரான அட்ரியான் விளாக் 1628-இல் 10 பதின்ம இடங்களுக்கு நிறைவு செய்தார்.