மன்னார்க் கரையோரச் சிறுவருக்கான சர்வதேச உதவி: பெறுபேறுகளை மதிப்பிடல்

இலங்கையின் வடமேற்கே பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே கிடக்கும் மன்னார்த் தீவும், அதற்கு எதிரே மாந்தை மேற்கிலிருந்து முசலி வரை செல்லும் பெருநிலக் கரையும் 1990 முதல் சர்வதேச உதவி நிறுவனங்களின் வேலைத்தளமாக இருந்துவந்துள்ளன. ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஆணையகம், யுனிசெப், உலக உணவுத் திட்டம், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, கத்தோலிக்க உதவி வலையமைப்பின் உள்ளூர்க் கிளையான வாழ்வுதயம் என்று இங்கு உழைத்த அமைப்புகளின் பட்டியல் நீளமானது. அவற்றின் திட்டங்களால் நலிவுற்ற சிறுவரின் வாழ்வில் என்ன மாறியது என்று அறிய முயல்வதே பெறுபேற்று மதிப்பீடு. திட்டத்தின் காலக்கெடுவைப் பின்தொடரும் மதிப்பீடு செலவுக் கணக்கைத்தான் காட்டும்; விளைவு தெரியவேண்டுமானால் பிள்ளையைப் பின்தொடர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்கு மன்னாரைவிடப் பொருத்தமான களம் இலங்கையில் அரிது. இங்கே திட்டங்கள் ஓரிடத்தில் நின்றன, பிள்ளைகள்தான் நிற்கவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது தலைமன்னார், பேசாலைக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகேறி இராமேஸ்வரம் போனார்கள்; மண்டபம் முகாம் நிரம்பியது. அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் கற்பிட்டி, புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தன. போக இடமில்லாதோருக்காக உயர் ஆணையகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. அந்த மடு ஆலய வளவிலேயே 1999 நவம்பரில் எறிகணைகள் விழுந்து பிள்ளைகள் உட்பட ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தனர். 2007 செப்டெம்பரில் சிலாவத்துறைப் பகுதி மக்கள் பெயர்ந்தனர். மறு ஆண்டு மாந்தை மேற்கு ஊர்கள் சண்டைக்களமாக, அங்குள்ளோர் வன்னிக்குள் கிழக்கு நோக்கித் தள்ளப்பட்டார்கள்; 2009 மே மாதத்துக்குப் பிறகு எஞ்சியோர் பெரும்பாலும் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். அடம்பனில் 1999இல் பிறந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பார்த்தால், பத்து வயதுக்குள் அதன் பெயர் ஊட்டச்சத்துத் திட்டம், தற்காலிக வகுப்பறை, சிறுவர் கழகம், முகாம் நிவாரணம், மீள்குடியேற்றப் பொதி என எத்தனையோ பயனாளிப் பட்டியல்களில் ஏறியிருக்கலாம். ஒவ்வொரு பட்டியலும் தனித்தனி வெற்றியாக அறிக்கையில் பதிவாகும். அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதியதா என்பது எந்தப் பட்டியலின் கேள்வியும் அல்ல.

உலகெங்கும் உதவி மதிப்பீட்டாளர்கள் கையாளும் அளவுகோல்கள், பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் உதவிக் குழு 1991இல் வகுத்த நெறிகளிலிருந்து வந்தவை: பொருத்தம், விளைதிறன், வினைத்திறன், தாக்கம், நிலைபேறு. 2019இல் இசைவு ஆறாவதாகச் சேர்ந்தது. நல்ல கேள்விகள்தான். நடைமுறையில் முதல் மூன்றுக்கும் விடை எழுதுவது எளிது. தாக்கத்துக்கும் நிலைபேற்றுக்கும் விடை சொல்லக் காலம் வேண்டும்; நிதியாண்டு அதற்குக் காத்திருப்பதில்லை. ஆகவே கொடுத்த புத்தகப்பை, கட்டிய கொட்டகை, பயிற்சி பெற்ற ஆசிரியர் என்று எண்ணக்கூடியவை விளைவின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கண்ணிவெடி அபாயக் கல்வி போன்ற உண்மையிலேயே உயிர்காக்கும் வேலையிலும் இந்தச் சிக்கல் உண்டு. மீள்குடியேறிய ஊர்களில் வெடி விபத்துகள் குறைந்தால் அதற்குப் பிள்ளைகள் பெற்ற அறிவு காரணமா, நிலம் துப்புரவாக்கப்பட்டது காரணமா, அல்லது காட்டோரம் போகப் படையினர் தடைவிதித்தது காரணமா? எத்தனை பேருக்கு வகுப்பு நடந்தது என்ற எண்ணிக்கை இதற்கு விடை தராது.

விடை தருவது ஒப்பீடு. வட இலங்கையில் அதைச் செய்துகாட்டிய ஆய்வுகள் உண்டு. அவை மன்னாரில் நடந்தவை அல்ல, ஆனால் அதே போரின் பிள்ளைகளைப் பற்றியவை. ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கில் மனவடு நோய்க்குறிகள் கொண்ட 31 பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு அனுபவங்களைக் கதையாக எடுத்துச் சொல்லும் சிகிச்சையும் மற்றதற்குத் தியானத் தளர்வுப் பயிற்சியும் தந்தார்கள். 2009இல் வெளியான முடிவின்படி ஆறு மாதத்தில் முதற்குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் மீண்டிருந்தனர். சிகிச்சையே பெறாத குழு ஒன்று அதில் இல்லை. இயல்பாக மீளும் வீதத்தைவிட இது அதிகம் என ஆய்வாளர்கள் வாதிட்டனர். நியாயமான வாதம்தான், ஆனால் அது நிரூபணம் ஆகாது. பிறகு யாழ்ப்பாண மாவட்டத்தில் 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளிடம் பதினைந்து அமர்வுகள் கொண்ட வகுப்பறைத் திட்டம் ஒன்று சோதிக்கப்பட்டது. எந்தப் பாடசாலை இப்போது பெறும், எது காத்திருக்கும் என்பது குலுக்கலில் தீர்மானமானது. 2012இல் வந்த முடிவு பலருக்கும் சங்கடம் தந்திருக்கும். குழப்படி நடத்தை பொதுவாகக் குறைந்தது. மனவடு, பதற்றம் ஆகியவற்றில் ஆண்பிள்ளைகளுக்கும், அந்நேரத்தில் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும் பலன் கூடுதலாக இருந்தது. பெண்பிள்ளைகளிடமோ திட்டத்தில் சேர்ந்தவர்களைவிடக் காத்திருந்தவர்களுக்கே மனவடு அறிகுறிகள் அதிகம் குறைந்தன. காத்திருந்த குழு இல்லாதிருந்தால் பெண்பிள்ளைகளும் தேறினார்கள் என்றே அறிக்கை எழுதப்பட்டிருக்கும்; அந்த வசனத்தில் பொய் இருந்திராது, தேற்றம் திட்டத்தால் வந்தது என்ற பெருமை மட்டும் பொய்யாக இருந்திருக்கும். மன்னாரில் இதே வகைத் திட்டத்தை நடத்தி, முன்பும் பின்பும் மட்டும் அளந்து, வெற்றி என்று கையெழுத்திடுவோர் இந்த ஆய்வை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

முன்பு அளந்த கணக்கே இல்லாதது மன்னாரின் இன்னொரு சிக்கல். 1981க்குப் பிறகு வடக்கு முழுவதையும் எண்ணிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. பிள்ளைகளின் வளர்ச்சியையும் போசாக்கையும் அளக்கும் குடித்தொகை சுகாதார ஆய்வு 2006-07இல் வட மாகாணத்தை விட்டுவிட்டது. 2016இல்தான் நாட்டின் எல்லா மாவட்டங்களையும் எட்டியது. அந்த ஆண்டு நாடளவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற எடையின்றி இருந்தனர். மன்னாரின் அன்றைய நிலையை நாட்டோடு ஒப்பிடலாம். தன் பழைய நிலையோடு ஒப்பிட வழியில்லை.

யாரை எண்ணாமல் விட்டார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை மன்னார்க் கரையைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. கூடவே அப்போது நாட்டுக்குள் பாய்ந்த பணமும் விட்டுவிட்டது. ஆழிப்பேரலை உதவியை ஆராய்ந்த பன்னிறுவனக் கூட்டமைப்பு 2006இல் சொன்ன கணக்கின்படி, பாதிக்கப்பட்ட தலைக்கு 7,100 டொலருக்கு மேல் கிடைத்தது. 2004 பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் தலைக்கு 3 டொலர். தேவை பார்த்து உதவி பிரிக்கப்படவில்லை என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. போருக்குப் பின்னும் இதே கோணல் வேறு வடிவில் வந்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் பெயர்ந்தோர் ‘புதிய’ இடம்பெயர்ந்தோர், அதற்கு முன் பெயர்ந்தோர் ‘பழைய’ இடம்பெயர்ந்தோர் என்று வகுக்கப்பட்டு, முன்னுரிமை முதல் வகைக்குப் போனது. புத்தளத்தில் பிறந்து முசலிக்குத் திரும்பிய முஸ்லிம் பிள்ளை பழைய வகை. 2007இல் ஊரைவிட்டு நீங்கி, அந்த ஊரில் கடற்படைத் தளம் அமைந்ததால் மலங்காட்டில் வளர்ந்த முள்ளிக்குளம் பிள்ளை எந்தப் பட்டியலில் அடங்கும்? மண்டபத்திலிருந்து திரும்பிய பிள்ளையின் தமிழ்நாட்டுச் சான்றிதழ் எந்தத் தரத்தில் சேரும்? இவர்களைச் சேர்க்காத பட்டியலை வைத்துக் கணக்கிடும் சதவீதம் எவ்வளவு உயர்ந்தாலும் அதன் பொருள் குறுகியது. உயிரிழந்த பிள்ளைகளோ எந்த ஆய்விலும் பதில் சொல்ல வரமாட்டார்கள். ஐ.நா. 2008 செப்டெம்பரில் வன்னியிலிருந்து தன் பணியாளரை விலக்கிக்கொண்டது. 2012 நவம்பரில் சார்ள்ஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக மீளாய்வு, ஐ.நா.வின் செயற்பாடு அங்கு அமைப்பு முழுவதன் தோல்வி என்று முடிவு கூறியது. மெனிக் பாமில் அளக்கப்பட்ட எந்த நலனும் உயிர்தப்பியோரின் நலனே.

ஒப்பீட்டுக்கு எதிராக அடிக்கடி எழும் தடை அறம் சார்ந்தது: பசித்த பிள்ளையை ஆய்வுக்காகக் காத்திருக்கச் சொல்வது சரியா? உயிர் காக்கும் உணவிலும் மருந்திலும் அது ஒருபோதும் சரியாகாது. ஆனால் மன்னாரில் உதவி எப்போதுமே எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைத்ததில்லை. மீள்குடியேற்றம் கிராம அலுவலர் பிரிவு பிரிவாக நடந்தது. பாடசாலைத் திருத்தமும் அப்படியே. காத்திருப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஒழுங்குதான் இல்லை. மெக்சிகோ 1997இல் தொடங்கிய புரோகிரெசா திட்டம், பணம் போதாததால் எப்படியும் தாமதமாகப் பெறவேண்டிய ஊர்களைக் குலுக்கலில் தெரிந்து, 320 ஊர்களில் முதலிலும் 186 ஊர்களில் பிறகும் உதவி கொடுத்தது. யாருக்கும் அதனால் ஒரு காசும் குறையவில்லை. குலுக்கலே வேண்டாமெனில் வேறு வழியும் உண்டு. கம்பாஷன் அமைப்பின் பிள்ளை ஆதரவுத் திட்டத்தை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஆராய்ந்தவர்கள், திட்டம் ஊருக்கு வந்தபோது வயது கடந்துவிட்ட மூத்த உடன்பிறப்புகளோடு ஆதரவு பெற்றவர்களை ஒப்பிட்டனர். 2013இல் வெளியான முடிவில் ஆதரவு பெற்றோர் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கூடுதலாகப் பள்ளியில் இருந்திருந்தார்கள். வளர்ந்து ஆளானவர்களிடம் கேட்ட கேள்வி அது.

செலவு அடுத்த தடை. அதற்கு மன்னாரிலேயே விடை கிடைக்கும். குடும்பநல உத்தியோகத்தர் மாதந்தோறும் எடை எழுதும் பதிவேடு இருக்கிறது. மன்னார், மடு ஆகிய இரு கல்வி வலயங்களின் சேர்வு, விலகல் இடாப்புகள் இருக்கின்றன. நன்னடத்தை அலுவலரின் கோப்புகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் திட்டங்கள் இவற்றை ஒதுக்கிவிட்டுத் தமக்கென்று புது வினாக்கொத்து அச்சடிப்பது காசையும் தாய்மாரின் பொறுமையையும் ஒருசேர வீணாக்குகிறது. 1973இல் அமெரிக்க உதவியோடு கெயார் நிறுவனம் தொடங்கிவைத்த திரிபோஷா சத்துமா, அரச சிகிச்சை நிலையத்தின் வழியே போனதால்தான் யாருக்குக் கிடைத்தது, எடை ஏறியதா என்று இன்றும் பார்க்க முடிகிறது. கரையோரத்துக்கே உரிய கேள்விகளுக்கும் இந்த இடாப்புகளே இடம். மீன்பிடிப் பருவத்தில் குடும்பம் வாடிக்குப் பெயரும்போது பிள்ளை எந்த மாதத்தில் வகுப்பைவிட்டு நீங்கி எந்த மாதத்தில் திரும்புகிறது, திரும்பாமலே போகிறதா என்பது வரவு இடாப்பில் தெரியும். திட்ட இறுதி அறிக்கையில் தெரியாது.

சிறுவர் இல்லங்களை மதிப்பிடும்போது எண்ணிக்கை நேர்மாறாகவே ஏமாற்றும். நிரம்பிய கட்டில்கள் நிதி தருவோருக்குச் சாதனையாகத் தோன்றும். உலகளவில் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக ‘சேவ் த சில்ட்ரன்’ 2009இல் எடுத்துக்காட்டியது. அப்படியானால் வறுமையால் இல்லத்துக்கு வந்த பிள்ளைக்கு நல்ல பெறுபேறு வீடு திரும்புவதுதான், இல்லம் காலியாவதுதான். கட்டில் எண்ணிக்கையைக் கொண்டு நிதி கொடுப்பவர் தான் ஒழிக்க விரும்புவதையே வளர்க்கிறார்.

இறுதியாக ஒரு தடை. இதை நான் முழுமையாக மறுக்கமாட்டேன். பிள்ளையைப் பின்தொடர்தல் என்றால் பெயர்ப்பட்டியல். இந்த மண்ணில் பட்டியல் ஆபத்தானது. போருக்குப் பின் புனர்வாழ்வு பெற்றுக் குடும்பத்தோடு சேர்க்கப்பட்ட 594 சிறுவர் போராளிகளின் வீட்டுக்கு ஆண்டுதோறும் ஓர் ஆய்வாளர் போய் நின்றால் அயலும் பார்க்கும், புலனாய்வாளரும் பார்ப்பார்கள். சியாரா லியோனில் 2002 முதல் இத்தகைய பிள்ளைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு, ஊர் ஏற்றுக்கொள்வதும் பள்ளியில் நிலைப்பதும் அவர்களின் மீட்சியில் பெரும்பங்கு வகிப்பதைக் காட்டியது. அங்கே அந்தப் பின்தொடரல் சாத்தியமானது. கண்காணிப்பு ஓயாத வடக்கில் அதே முறையை அப்படியே கொண்டுவரக்கூடாது. இக்குழுவுக்குத் தனிப் பின்தொடரல் வேண்டாம். மற்றப் பிள்ளைகளுக்குப் பெயர் நீக்கிய, பாடசாலை அளவில் தொகுத்த தரவு போதும்.

2009இல் முகாமில் பிறந்த பிள்ளைக்கு 2027இல் 18 வயது. கட்டாயக் கல்வி 16 வயதுவரை என்பது 2016 முதல் சட்டம். ஆகவே அந்தத் தலைமுறையின் பள்ளிக்காலம் முழுவதும் இரு வலயக் கல்வி அலுவலகங்களின் இடாப்புகளில் கிடக்கிறது. அன்று உதவி வழங்கிய நிறுவனங்கள் தம் பழைய பயனாளிக் கிராமங்களின் விவரத்தை மாவட்டச் செயலகத்திடம் கொடுக்கட்டும். உதவி முன்பு எட்டிய ஊர், பின்பு எட்டிய ஊர், எட்டாத ஊர் என்று பிரித்துப் பரீட்சைத் தேர்ச்சியையும் இடைவிலகலையும் ஒப்பிடும் வேலையை யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ளட்டும். இடாப்புகள் கறையானுக்குப் போகுமுன் இதைச் செய்ய வேண்டும்.